படத்தில் நான் கத்துகிறேன்

கடகட, கடகட, கடகட. கொஞ்சம் நிற்கும். பிறகு நீளமாக ஒரு 'ஸ்ஸ்ஸ்'. முதல் தடவை கேட்டபோது யாரோ பின் சந்தில் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பதினான்கு வருடம் ஆகிறது. ஸ்ப்ரே டப்பாவுக்குள் சாயம் கலங்குவதற்காக ஒரு சின்ன இரும்புக் குண்டு கிடக்குமாம். குலுக்கினால் அதுதான் உருளும். உன் போனில் இப்போது வந்ததே, அந்தச் சத்தம் சரியில்லை அம்மா. கோலிக்குண்டைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டியது போல இருக்கிறது. நிஜத்தில் அது அவ்வளவு உற்சாகமான சத்தம் இல்லை.

மன்னித்துக்கொள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லைதான். ஆனால் நீ காதில் எதையும் மாட்டாமல் பார்த்தாய். ரயில் அரக்கோணத்தை விட்டதிலிருந்து நானும் கூடவே கேட்டுக்கொண்டு வருகிறேன். 'காயாத சுவர்' படம்தானே? எனக்கு இது ஏழாவது தடவை.

அதில் ஒரு செயலாளர் அம்மாள் வருகிறாள் அல்லவா? சிவப்புப் புடவை, அகலப் பொட்டு, இடுப்பில் சாவிக்கொத்து. சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு கத்துகிறாளே, அவள். அது நான்தான். நடித்தது நான் இல்லை, நடித்தவள் யாரோ. ஆனால் அது நான். ஞானசௌந்தரி. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம். ஓய்வுக்குப் பிறகு பாரிஜாதம் காலனிக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருடம் செயலாளர். கொரட்டூருக்கு முன்னால், ரயில் பாதையை ஒட்டி, நாற்பத்தெட்டு வீடுகள். சிவப்பு எனக்கு ஆகவே ஆகாது. ஒரே ஒரு சிவப்புப் புடவைகூட நான் வாங்கியதில்லை.

சிரிக்கிறாயா? சிரி. எல்லோரும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ படித்த பெண்ணாகத் தெரிகிறாய், நீயே தீர்ப்புச் சொல்.

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். இரண்டு பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவன் எபினேசர். எபி என்று கூப்பிடுவார்கள். இருபது வயது. ஒல்லி, விரலெல்லாம் நீலம். இன்னொருத்தி அல்லி, அவனோடு கல்லூரியில் படித்தவள். இந்தப் படத்தை எடுத்திருக்கிறாளே, அதே அல்லிதான். அன்றைக்கு அவளைப் பார்த்தால் படம் எடுப்பாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பபிள்கம் மென்றுகொண்டிருந்தாள்.

"செயலாளர் ஆன்ட்டி நீங்கதானே?" என்றான் எபி.

"நான்தான். என்ன, சந்தா ரசீதா?"

"இல்ல ஆன்ட்டி. பின் செவுரு. அதுல ஒரு படம் போடணும்."

"இதுவரைக்கும் எந்தச் செவுத்துக்கும் நாங்க யாரையும் கேட்டதில்ல ஆன்ட்டி," என்றாள் அல்லி. "உங்களைத்தான் மொத மொதல்ல கேக்கறோம்."

"அது பெருமையா?"

"பெருமைதான் ஆன்ட்டி."

எபி அவளை முழங்கையால் இடித்தான். அப்புறம் அவனே விவரம் சொன்னான். பாலத்துத் தூண், மூடிப்போன தியேட்டரின் பின்புறம், பாழடைந்த கிடங்கு என்று ஊர் முழுக்க இவர்கள் வரைந்திருக்கிறார்களாம். எல்லாம் திருட்டுச் சுவர். யாராவது வந்தால் ஓட்டம். ஆனால் இப்போது ஓட முடியாது. அவன் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர், வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வாரிசு வேலை இவனுக்கு.

"ஆர்டர் சித்திரையில வந்துடும்னு சொல்றாங்க ஆன்ட்டி. போலீஸ் வெரிஃபிகேஷன் ஒண்ணுதான் பாக்கி. எம் பேர்ல ஒரு சின்னக் கேஸ் இருந்தாலும் போச்சு. அம்மா ஆஸ்பத்திரில ஆயா வேலை செய்யறாங்க. முட்டி தேஞ்சுபோச்சு. அதான் இனிமே திருட்டுத்தனமா வேணாம்னு இருக்கேன். கடைசியா ஒரே ஒரு செவுரு. பெரிசா. பகல்ல. பர்மிஷனோட."

பார்த்தாயா, எவ்வளவு தெளிவாகச் சொன்னான்! படத்தில் இந்த இடம் இல்லை. படத்தில் அவன் யாரையும் எதையும் கேட்கவே மாட்டான். தலையைச் சிலுப்பிக்கொண்டு போய் வரைந்துவிடுவான்.

"என்ன வரைவீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு முகம் ஆன்ட்டி. இந்தக் காலனியில இருக்கற ஒருத்தரோட முகம். ரயில்ல போறவங்க எல்லாரும் பாக்கணும்."

"யார் முகம்?"

"அது சர்ப்ரைஸ்," என்றாள் அல்லி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இன்றைக்கும் சத்தியம் செய்வேன், என்னைத்தான் பார்த்தாள்.

எபி சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கட்சிக்காரர்கள் பிடித்த சுவரா என்று பார்க்கப் போனானாம். உனக்குத் தெரிந்திருக்குமே, ஒரு மூலையில் கட்சிப் பெயரின் எழுத்தையும் வருடத்தையும் எழுதிவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. வேறு யாரும் கை வைக்கக்கூடாது. எங்கள் பின் சுவரில் அப்படி ஒன்றும் இல்லை. சிறுநீர் கழிக்காதே என்று நாங்கள் எழுதியதுதான் இருந்தது, அதிலும் பாதி அழிந்து 'கழி' மட்டும் மிச்சம்.

"எழுதிக் குடுத்துடறீங்களா ஆன்ட்டி? ஒரு வரி போதும்," என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தோரு வருடம் எத்தனையோ பேருடைய சாவுக்கும் வாழ்வுக்கும் கையெழுத்துப் போட்டவள் நான். மீசை சரியாக முளைக்காத பையன் என்னிடம் எழுத்தில் கேட்கிறான்.

"ஏம்ப்பா, என் வார்த்தை போதாதா?"

அவன் அல்லியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "போதும் ஆன்ட்டி," என்றான்.

அவனே சொன்னான், போதும் என்று. இதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் வந்து, அளவு பார்க்க வேண்டும், சுவர் ஓரமாகக் கொஞ்சம் நில்லுங்கள் என்றார்கள். நான் உள்ளே போய் மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தேன். எப்படியும் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாயங்காலம்தான், இருந்தாலும். ஆறு போட்டோ எடுத்தான். "கொஞ்சம் நிமிந்து நில்லுங்க ஆன்ட்டி," என்றான். அளவுக்கு என்றால் யார் நின்றால் என்ன? ஒரு குச்சியை நிறுத்தி வைத்தாலும் அளவு அளவுதானே? என்னை ஏன் நிற்கச் சொல்ல வேண்டும்? கேட்டால் அல்லி இப்போது சொல்கிறாள், "அங்க நீங்கதான் ஆன்ட்டி இருந்தீங்க."

என்னிடம் என் பெரிய படம் என்று இருப்பது ஒன்றுதான். ஓய்வு விழாவில் எடுத்தது. அதிலும் பாதி முகம் மாலைக்குள் போய்விட்டது. இது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சாரம் கட்டினார்கள். சுவருக்கு வெள்ளை அடித்து, நூலில் நீலப் பொடி தேய்த்துச் சுண்டிக் கட்டம் கட்டமாக்கினார்கள். காலை பத்து மணிக்கு அந்தக் கடகட ஆரம்பிக்கும். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். பதினோரு மணிக்கு மோர் கொடுத்தனுப்புவேன், மூன்றரைக்கு டீ. பெருங்காயம் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு டம்ளர் மோர்கூடக் காட்டவில்லை அந்தப் பெண்.

முதலில் ஒரு கண் வந்தது. இடது கண். என் உயரம் இருந்தது அந்தக் கண் மட்டும். ஓரத்தில் சுருக்கம், கீழே லேசான வீக்கம். நான் உள்ளே போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். வயசான கண் எல்லாம் ஒரே மாதிரிதான், அதில் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்து, பங்குனியில் வந்து போ, ஒரு விஷயம் காட்டுகிறேன் என்றேன். இப்போதும் அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். அது என்ன விஷயம் என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இரண்டாவது கண் வந்தது. நெற்றி வந்தது. ஒன்பதாவது நாள் மூக்கு வந்தது. மூக்கில் ஒரு மூக்குத்தி போட்டான். சரி, எனக்கும் உண்டு. சாயங்காலம் மறுபக்கமும் ஒன்று போட்டான்.

எங்கள் காலனியில் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள் ஒருத்திதான். செங்கேணி. காலனியைப் பெருக்கிக் குப்பை எடுக்கிறவள்.

மறுநாள் மோர் தீர்ந்துவிட்டது. தயிர் சரியாக உறையவில்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீர் வைத்திருக்கிறாயா அம்மா? ஒரு வாய் கொடு. போதும்.

செங்கேணி விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தாள். "யம்மாடி, நானா இது? எம்மாம் பெரிய மூக்கு! டேய் எபி, உனுக்கு வேற மூஞ்சியே கெடிக்கலியா?"

அவன் சாரத்தின் மேலே இருந்து, "கெடிக்கலயே செங்கேணிக்கா. ஆடாம நில்லு, காது போடணும்," என்றான்.

"காதுல கம்மல் நல்லதாப் போடுறா. செலவா ஆவப்போவுது?"

சந்தே சிரித்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி புடவை கொடுக்கிறவள் நான், நல்ல புடவையாகத்தான் கொடுப்பேன். ஆனால் உறுப்பினர்கள் இருக்கிறார்களே. பொருளாளர் ஆதிமூலம் சார் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். "ரயில்ல போறவன் வர்றவன்லாம் பாரிஜாதம் காலனின்னா இந்த மூஞ்சின்னு நெனச்சுக்குவான் மேடம். வீட்டை விக்கப் போனா வாங்கறவன் என்ன கேப்பான்?" என்றார். இன்னொருவர், "அவ நடையே மாறிடுச்சு, கவனிச்சீங்களா?" என்றார். நான் ஒரு அபிப்பிராயமும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பு எழுதினேன், அவ்வளவுதான். வேண்டுமானால் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்கிறாய். எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது?

அந்த வாரம்தான் பொன்னுரங்கம் வந்தார். கட்சியின் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதே, எந்தக் கட்சியாக இருந்தாலும் அதே பொன்னுரங்கம்தான். வெள்ளை வேட்டி, கூட இரண்டு பேர். தலைவர் பிறந்தநாள் வருகிறது, ரயிலிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவர்களையெல்லாம் பிடிக்கிறார்களாம்.

"நீங்களும் செயலாளரு, நானும் செயலாளரு. நமக்குள்ள இன்னாக்கா?" என்றார். நன்றாகப் பேசக்கூடியவர். காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கொண்டுபோய்க் கழுவும் இடத்தில் வைத்தார்.

"சுவரில் ஏற்கெனவே பிள்ளைகள் வரைகிறார்களே," என்றேன்.

"எழுதிக் குட்த்துக்கீறீங்களா?"

"இல்லை."

"அப்பறம் இன்னா? எங்களுக்கு ஒரு லெட்டர் குடுங்கக்கா, பின் செவுத்த கட்சிக்கு உட்டதா. இப்பல்லாம் ஓனர் லெட்டர் இல்லாம நாங்க ஒரு செவுத்துலயும் கை வெக்கிறதில்ல. சட்டப்படிதான் எல்லாம். தேதி மட்டும் மார்கழில போட்டுக்கங்க."

மார்கழி என்றால் எபி வந்து கேட்பதற்கு ஒரு மாதம் முன்பு.

நீ இன்சூரன்ஸ் பார்த்ததில்லை, உனக்கு இது பெரிய பாவமாகத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் முன்தேதி போட்டு பாலிசி கொடுப்பது சாதாரணம். வயசு ஒன்று குறைவாகக் காட்டும், பிரீமியம் குறையும், விதியிலேயே இடம் உண்டு. அந்த மாதிரி ஆயிரம் தாள் என் கையால் போயிருக்கிறது, ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. சங்கத்தின் தாளில் நாலு வரி. டிசம்பர் இருபத்திரண்டு என்று தேதி போட்டேன். முத்திரை வைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள்.

"பிள்ளைகளிடம் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேன் அம்மா. படத்தில் இதுவும் இல்லை.

"இன்னாத்துக்கு உங்களுக்குச் செரமம்? நாங்க பாத்துக்கறோம்க்கா."

பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொண்ட பிறகு நாம் குறுக்கே போவது நன்றாக இருக்காது.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. அல்லி அன்றைக்கு இல்லை, ஸ்ப்ரே டப்பாவின் மூக்கு அடைத்துக்கொண்டது என்று வேறு வாங்கப் பாரிமுனைக்குப் போயிருந்தாள். அதை அவள் படத்தில் மாற்றிவிட்டாள். படத்தில் அவள் வேஷத்தில் வருகிற பெண் ஓடிவந்து குறுக்கே விழுகிறாள். நிஜத்தில் அவள் பேருந்தில் இருந்தாள். எபி தனியாகச் சாரத்தின் மேலே உட்கார்ந்து கம்மலுக்குச் சிவப்புக் கல் வைத்துக்கொண்டிருந்தான். எட்டுப் பேர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள்.

அவன் இறங்கி வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "பர்மிஷன் வாங்கிருக்கண்ணா. செயலாளர் ஆன்ட்டியைக் கேட்டுப்பாருங்க."

ஒருவன் கடிதத்தை எடுத்துக் காட்டினான். எபி படித்தான். இரண்டு தடவை படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்தான். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"ஆன்ட்டி, சொல்லுங்க ஆன்ட்டி."

படத்தில் இந்த இடத்தில் நான் கத்துகிறேன். கீழே இறங்கி வந்து, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, "யாரு செவுத்துல யாரு மூஞ்சிடா?" என்று ஆரம்பித்து மூன்று நிமிடம். தெரு முழுக்கக் கூடிவிடுகிறது. தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்தவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஆன்ட்டி, நீங்கதானே சொன்னீங்க. எனக்கு ஆர்டர் வரணும் ஆன்ட்டி. ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கத்தவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் வைத்துவிட்டு ஜன்னலில் நிற்க முடியுமா? உள்ளே போனேன்.

அடித்தார்கள், ஆமாம். படத்தில் காட்டுவது போல மழையில் இல்லை, வயலினும் இல்லை. நல்ல வெயில். அவன் திருப்பி அடிக்கவும் இல்லை. நாலு நிமிடம் இருக்கும். அரை லிட்டர் பால் பொங்குவதற்கு நாலு நிமிடம் ஆகும், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

காட்பாடி வந்துவிட்டதா? இல்லை, சிக்னல்.

அவர்களே போலீசுக்கும் சொன்னார்கள். சுவரைப் பாழாக்கினான், தட்டிக் கேட்டவர்களைத் தாக்கினான் என்று வழக்கு. இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து, கடிதம் உங்களுடையதுதானே என்றார். என்னுடையதுதான். அதில் பொய் என்ன இருக்கிறது? எபியின் அம்மா வந்தார்கள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு. மூன்று மாடி ஏறி வந்திருந்தார்கள். "தேதி தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா போதும் மேடம்னு வக்கீல் சொல்றாரு," என்றார்கள். நான் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். யோசித்துப் பார். சங்கத்தின் முத்திரை வைத்த தாள். அதைத் தப்பு என்று நானே எழுதினால் நாளைக்கு என் கையெழுத்தை யார் மதிப்பார்கள்? மாடிப்படியில் அவர்கள் இறங்கும்போது கைத்தடியின் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது. கதவைச் சாத்தின பிறகும் கேட்டது.

இரண்டு வருடம் கழித்து என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். படத்தில் கோர்ட்டில் எனக்கு ஒரு பக்கம் வசனம். நிஜத்தில் ஒரே ஒரு சொல். "இந்தக் கடிதத்தில் இருக்கும் தேதியில்தான் எழுதினீர்களா?" என்று கேட்டார்கள். "ஆம்" என்றேன். தாக்குதல் வழக்கு நிற்கவில்லை. சுவர் வழக்கு நின்றது. சின்ன அபராதம், அன்றைக்கே கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஜெயிலுக்கெல்லாம் போகவில்லை. படத்தில் போகிறான்.

வேலை போனது உண்மைதான். அது விதி. விதியை நான் எழுதவில்லை.

செங்கேணியா? முகத்தின்மேல் அடித்த சுண்ணாம்பு காய்ந்ததும் அந்தச் சந்தை மட்டும் பெருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என்னவோ ராணி மாதிரி. காரணம் கேட்டால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்வாசல் பக்கம் போய்விட்டாள். ஆதிமூலம் சார் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அதுவும் கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் அல்லி வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ரெக்கார்டரை மேஜைமேல் வைத்துவிட்டு, "நடந்தத நடந்த மாதிரியே சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்வதைப் போலத்தான்.

"அவன் கூப்பிட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க ஆன்ட்டி?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"ஒண்ணுமேவா?"

"பால் வைத்திருந்தேன்."

அவள் ரெக்கார்டரை அணைத்துவிட்டாள். அப்புறம், "இத இப்படியே எடுத்தா யாரும் நம்பமாட்டாங்க ஆன்ட்டி," என்றாள். "நீங்க சும்மா நின்னுட்டு உள்ள போனீங்கன்னு காட்டினா, ஒரு நல்ல அம்மா பயந்துட்டாங்க பாவம்னுதான் நெனைப்பாங்க. உங்களக் கத்த வெச்சாதான் ஜனங்களுக்குக் கோவம் வரும்."

பார், எவ்வளவு அநியாயம். நான் வாழ்க்கையில் ஒருவரிடமும் கத்தியதில்லை. அலுவலகத்தில் பியூனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வேன். ஒரு வக்கீலைப் பார்த்து வழக்குப் போடலாமா என்று கேட்டேன். "படத்தில் உங்க பேரே இல்லையேம்மா, அது நீங்கதான்னு நீங்களே போய் நிரூபிக்கணும்," என்றார். கடைசியில் நன்றி என்று பெயர்கள் ஓடுகின்றன, பார்த்தாயா? அறுபத்திரண்டு பெயர். டீக்கடைக்காரர் பெயர்கூட இருக்கிறது. நான் இல்லை.

படத்தில் நான் வருவது மொத்தம் பதினோரு நிமிடம். கணக்குப் பார்த்துவிட்டேன். அந்தக் கத்துகிற இடத்தில் ஒரு கட்டத்தில் திரை முழுக்க என் முகம் மட்டும்தான். தியேட்டர் திரை எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும், அந்தச் சுவரைவிடப் பெரியது. அந்த நடிகைக்கு மூக்கு எடுப்பாக இருக்கும். ஒரே ஒரு மூக்குத்திதான் போட்டிருக்கிறாள், அந்த மட்டில் சரியாகச் செய்திருக்கிறார்கள். போனில் பார்த்தால் அந்த இடம் எடுபடவில்லை. நீ தியேட்டரில் பார்த்திருக்க வேண்டும்.

எபியா? போன ஐப்பசியில் பார்த்தேன். என் தம்பி மகன் திருநின்றவூரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம். பசுவும் கன்றும் கொண்டுவந்திருந்தார்கள், பசு மிரண்டு உள்ளே வரமாட்டேன் என்று நின்றது. தவிடு காட்டினால் வரும் என்று எதிரே இருந்த மாட்டுத் தீவனக் கடைக்கு நானே போனேன். கடைக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். தாடி, கொஞ்சம் நரை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாருக்கீங்களா ஆன்ட்டி?"

அந்த 'ஆன்ட்டி'யை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இருக்கிறேன் என்றேன். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "அம்மா போய் அஞ்சு வருஷம் ஆச்சு ஆன்ட்டி," என்றான். தவிட்டைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டே பேசினான்.

"படம் பார்த்தாயாப்பா?"

"அல்லி டிக்கெட் அனுப்பிச்சா. போகல."

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு ஆன்ட்டி."

எனக்கு மனசு கேட்கவில்லை. விட்டால் இனி எப்போது பார்க்கப்போகிறேன்? "எபி, அதில் நான் கத்துவது போல எடுத்திருக்கிறாள். ஊரெல்லாம் பார்த்துவிட்டது. நீதானே அங்கே இருந்தாய், நீயே சொல். நான் கத்தினேனா?"

அவன் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இல்ல ஆன்ட்டி," என்றான். "நீங்க கத்தல."

கேட்டாயா? அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். நான் இத்தனை நாளாக எல்லோரிடமும் சொல்வது இதைத்தான். அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பசுகூட ஒன்றும் முரண்டு பிடிக்காமல் உள்ளே வந்துவிட்டது.

இன்னும் வரைகிறானா என்றா கேட்கிறாய்? நான் கேட்கவில்லை. அவன் அந்தத் தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறான். வலது கை தோளுக்கு மேலே எழும்பாதாம், எல்லா மூட்டையையும் இடது தோளில்தான் ஏற்றிக்கொள்கிறான்.